ஊசி போடாத புதன்கிழமைகள்

2020 மார்ச் 25 ஊரடங்கின் முதல் நாள். அது ஒரு புதன்கிழமை. மற்றவர்களுக்குக் கிழமை மறந்திருக்கலாம், என்னைப் போல வேலை பார்ப்பவர்களுக்கு மறக்காது. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். தேதி பார்க்கத் தெரியாத பாட்டிகூட "வர்ற புதன்கிழமை ஊசி" என்று சொல்லிவிட்டால் பேரனைத் தூக்கிக்கொண்டு சரியாக வந்து நிற்பார். அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் மருந்து இருந்தது. ஐஸ் பேக் தயாராக இருந்தது. யார் யாருக்கு எந்த ஊசி பாக்கி என்ற டியூ லிஸ்ட் என் பையில் இருந்தது. ஊருக்குள் முகாம் போட வேண்டாம் என்று குரூப்பில் தகவல் வந்தது.

நான் சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஏற்காட்டில் ஏரியையும் படகையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அதற்கு அப்பால் இருக்கும் ஊர்கள் கண்ணில் படாது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, பத்து வீடு இருபது வீடு என்று சிதறிக் கிடக்கிற ஊர்கள். சில ஊர்களுக்குத் தார் ரோடு உண்டு, சிலவற்றுக்கு ஜீப்தான் போகும், சிலவற்றுக்குக் கடைசிக் கொஞ்ச தூரம் நடைதான். எந்த ஊரில் யார் மாசமாக இருக்கிறார், யாருக்கு டியூ டேட் எப்போது, எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்பதெல்லாம் என் ரிஜிஸ்டரில் இருக்கும். பாதி என் தலையிலும் இருக்கும்.

கொரோனா காலத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தது, ரெம்டெசிவிருக்கு வரிசையில் நின்றது, 2021 மே மாதம் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 படுக்கைகளோடு சிகிச்சை மையம் திறந்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறது. கொரோனாவே வராத ஒரு கர்ப்பிணிக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று எழுதியதை நான் அதிகம் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் வருகிற பெண்களின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகள் மூடவில்லை. எங்கள் பக்கம் பிரசவ அறை ஒரு நாள்கூடப் பூட்டப்படவில்லை. 2020 ஏப்ரல் 14 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் நிறுத்தக்கூடாத சேவைகள் என்றுதான் இருந்தது. ஆனால் சேவை திறந்திருப்பது வேறு, ஆள் வந்து சேர்வது வேறு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ் நின்றது. மலைக்குள் ஓடிய வண்டிகள் நின்றன. தோட்ட வேலை இல்லை, வாரக்கூலி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வாடகை வண்டி பேச எந்த வீட்டில் காசு இருந்தது? நாங்கள் ஊருக்குப் போனால்தான் அவர்களுக்கு ஊசி. நாங்கள் போவதுதான் சில வாரங்கள் நின்றுபோனது.

அப்புறம் முகாம் மறுபடி தொடங்கியபோதும் பழையபடி ஒரே நேரத்தில் கூட்டம் சேர்க்க முடியாது. இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. தட்டம்மை ரூபெல்லா ஊசி மருந்து பொடியாக வரும். கரைப்பானை விட்டுக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஐந்து நோய்களைத் தடுக்கிற பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு மாதிரியானவற்றைத் திறந்தாலும் முறையாக வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம், இதை முடியாது. ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். முன்பெல்லாம் ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே காலையில் வந்துவிடுவார்கள். ஊரடங்கில் ஒரு பிள்ளை காலை ஒன்பதுக்கு வரும், அடுத்தது மதியம் இரண்டுக்கு ஓட்டமாக வரும். ஒரு பிள்ளைக்காகவும் குப்பியைத் திறக்கத்தான் வேண்டும், திறந்தேன். ஆனால் இரண்டு மணிக்கு வந்த அம்மாவிடம் மருந்து நேரம் முடிந்துவிட்டது, இன்னொரு குப்பி கையில் இல்லை, அடுத்த வாரம் வாம்மா என்று சொன்ன நாள்கள் உண்டு. அவர் வெயிலில் மேட்டில் ஏறி நடந்தே வந்திருப்பார்.

தடுப்பூசி தள்ளிப்போனால் இன்னொன்றும் தள்ளிப்போகும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அந்தத் தவணைகள் பதிவு, பரிசோதனை, பிரசவம், குழந்தையின் ஊசிகள் இவற்றோடு கட்டப்பட்டவை. வீட்டில் அரிசிக்குக் காசில்லாத மாதங்களில்தான் அந்தப் பணம் தேவைப்பட்டது. ஊசி பதிவாகாததால் அந்த மாதங்களிலேயே அது வராமல் நின்றது.

என் வேலை என்ன ஆனது என்று சொல்கிறேன். கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் வீடுகளைப் பட்டியல் எடுக்க வேண்டும், வாசலில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும். கபசுரக் குடிநீர் கொடுக்க வேண்டும். காய்ச்சல் முகாம், சளி மாதிரி எடுக்கும் முகாம், சாயங்காலம் ரிப்போர்ட். 2021இல் கொரோனா தடுப்பூசி வந்தது. செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை முதல் மெகா முகாம்கள் தொடங்கின. அவை எல்லாமே தேவையான வேலைகள். கொரோனா ஊசி போட்டதால் எத்தனை உயிர் பிழைத்தது என்று எனக்குத் தெரியும், அதில் என் கையும் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இவ்வளவையும் செய்தது ஏற்கெனவே கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்த அதே கைகள். புதிதாக ஆள் வரவில்லை. கிராமத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு செவிலியர். அவரைக் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பினால் அன்றைக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஆள் கிடையாது. கணக்கு அவ்வளவுதான்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த தொற்று வரும்போதும் முதலில் கூப்பிடப்போவது எங்களைத்தான். ஊர் மக்கள் எங்களைத்தான் நம்புவார்கள், வீடு வீடாக வழி தெரிந்தவர்களும் நாங்கள்தான். கூப்பிடட்டும், வருவோம். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், கர்ப்பிணிகளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, எந்தப் பேரிடரிலும் கைவைக்கக்கூடாத நாளாக இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் என்னை வேறு எதற்கும் அனுப்பக்கூடாது.

தாய்வீட்டுப் பிரசவத்தைப் பற்றித் திட்டம் போடுகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவார்கள். எங்கள் பெண்கள் சிலருக்குத் தாய்வீடு அரூர் பக்கம், சித்தேரி மலையில். அது தருமபுரி மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். 2020 ஜூனில் மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்தபோது சேலம் ஒரு மண்டலத்திலும் தருமபுரி இன்னொரு மண்டலத்திலும் போய்விட்டன, அப்போதும் பாஸ் வேண்டும். செப்டம்பரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஒன்பதாவது மாதப் பெண் புகுந்த வீட்டில், அம்மா முகம் பார்க்காமல், ரிஜிஸ்டரில் "தாய்வீடு செல்கிறார்" என்று ஏற்கெனவே எழுதிய நிலையில் மாட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கமும் நடந்தது. மார்ச்சில் சும்மா அம்மா வீட்டுக்குப் போன பெண் நான்கு மாதம் திரும்ப முடியவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண் இங்கே, ஆள் அங்கே. அவரை அங்கே யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் அந்தப் பக்கத்து நர்சம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசுவேன். அவரும் என் பக்கம் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிக் கேட்பார். நாங்கள் இருவரும் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

நேரில் போக முடியாதபோது போன்தான். மலையில் போன் என்றால் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் நின்று பேச வேண்டும். பெண்கள் நிறையப் பேரிடம் சொந்த போன் கிடையாது, வீட்டுக்காரர் போன்தான். அவர் விறகு வெட்டிவிட்டோ கடைக்குப் போய்விட்டோ திரும்புகிற நேரம் பார்த்துச் சாயங்காலம் கூப்பிடுவேன். பக்கத்தில் மாமியார் இருந்தால் "நல்லாருக்கேன்" என்ற பதில்தான் வரும். அதனால் நல்லாருக்கியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கு என்ன சமைத்தாய், தண்ணீர் தூக்கினாயா, ராத்திரி தூங்கினாயா, செருப்பு பழையபடி காலில் நுழைகிறதா என்று கேட்பேன்.

ஜூலை மாதம், மழை. முதல் பிரசவம், எட்டு மாதம் நடக்கிற ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். எல்லாக் கேள்விக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னார். கடைசியில் போனை வைக்கப்போகும்போது, "மெட்டிதான் நர்சம்மா, ரெண்டு நாளா இறுக்குது. சோப்புப் போட்டும் கழட்ட வரலீங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கடைசி மேடு வழுக்கியது, இறங்கி நடந்தோம். அந்தப் பெண் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே நின்றது. மெட்டி சதைக்குள் புதைந்து சுற்றிலும் தோல் பளபளவென்று இருந்தது. பி.பி. 160/110. சிறுநீரை டெஸ்ட் டியூபில் பிடித்து மேல்பாகத்தைச் சூடு காட்டினேன், இரண்டு சொட்டு அமிலம் விட்டும் தெளியாமல் பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டு நின்றது. சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். "தலை வலிக்குதா கண்ணு?" என்றேன். "வலிக்குதுங்க. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குது" என்றார்.

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெரியாஸ்பத்திரி முழுக்க கொரோனாங்கறாங்க. அங்க கொண்டுபோனா ரெண்டு உசுரும் போயிரும். இங்கயே பார்த்துக்கலாம் நர்சம்மா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் ஊரே அப்படித்தான் பயந்துகிடந்தது. "அம்மா, கொரோனா வந்தா அங்க பார்க்க டாக்டர் இருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு வலிப்பு வந்தா இந்த மலையில என்னால ஒண்ணுமே பண்ண முடியாது" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய்ப் பழைய சேலைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

108 வந்து நிற்கிற இடம் வரை ஒரு பிக்கப் வண்டியில் போனோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு அனுப்பினார். வலிப்பைத் தடுக்கிற ஊசி அது, விலை அதிகமில்லை, நேரத்துக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். சேலம் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். 1.9 கிலோ, பெண் குழந்தை. அம்மாவும் பிள்ளையும் பிழைத்தார்கள். மெட்டியை அங்கே வெட்டி எடுத்தார்களாம்.

சாதாரணக் காலமாக இருந்தால் அந்தப் பெண்ணின் பி.பி. ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ ஏறத் தொடங்கியபோதே கர்ப்பிணிகள் நாளில் தெரிந்திருக்கும். மாத்திரை தொடங்கி, வாரா வாரம் பார்த்து, நிதானமாகப் போயிருக்கலாம். அந்த இரண்டு மாதமும் யாரும் அவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றவில்லை.

2020 மே மாதம் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஒரு கணிப்பு வந்தது. 118 நாடுகளில் தாய் சேய் சேவைகள் ஆறு மாதம் தடைபட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தடை லேசாக இருந்தாலே கூடுதலாக 2,53,500 குழந்தைகளும் 12,200 தாய்மார்களும் இறக்கலாம், மிக மோசமாக இருந்தால் 11,57,000 குழந்தைகளும் 56,700 தாய்மார்களும் என்றது அது. நடந்த இறப்புகளின் கணக்கு இல்லை, எச்சரிக்கைதான். ஆனால் அதில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. கூடுதல் தாய் இறப்புகளில் சுமார் 60 சதவீதத்துக்குக் காரணமாக அவர்கள் காட்டியவை நான்கே குறைபாடுகள்: கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைத் தடுக்கிற ஊசி, நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசி, வலிப்புத் தடுப்பு ஊசி, சுத்தமான பிரசவ இடம் ஆகியவை கிடைக்காமல் போவது. பெரிய இயந்திரம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

இது முன்பே தெரிந்த பாடமும்கூட. ஆப்பிரிக்காவில் சியரா லியோனில் 2014-15 எபோலா காலத்தில் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் பயந்து வராமல் போனதால், தாய் இறப்பு, பச்சிளங்குழந்தை இறப்பு, வயிற்றிலேயே இறந்து பிறந்தவை எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 3,600 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த நாட்டில் எபோலாவே நேரடியாகக் கொன்றவர்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

ரத்தசோகையைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் மலையைப் பற்றிச் சொன்னதாகாது. சாதாரணமாகவே ஹெச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, ஒன்பது, பத்து என்றுதான் பல பேருக்கு இருக்கும். வாராவாரம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சாப்பிடுகிறார்களா என்று விசாரித்து, குறைந்தால் அயர்ன் சுக்ரோஸ் ஊசி ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஊரடங்கில் இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தோம். மாத்திரை பெட்டியில் இருந்தது. வீட்டில் கீரையும் இல்லை, முட்டையும் இல்லை, ரேஷன் அரிசியும் ரசமும்தான். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் குமட்டும், நிறுத்திவிட்டார்கள். எட்டாம் மாதத்தில் ஹெச்.பி. ஏழுக்கும் கீழே இறங்கி வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது ரத்தத்துக்கும் தட்டுப்பாடு. கல்லூரிகள் மூடி, முகாம்கள் நின்றுபோயிருந்தன. தோட்டத்தில் அவர் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற பையன்கள் சிலர் அடிவாரச் சோதனைச்சாவடியில் காரணம் சொல்லி அனுமதி வாங்கி, சேலம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பையன்களை ஊரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

இன்னொரு பெண்ணின் விஷயம் இன்னும் ஆறவில்லை. வலி எடுத்ததும் குடும்பத்தார் பயந்து கீழே ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கொரோனா பரிசோதனை முடிவு கையில் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். முடிவு வர ஒரு நாள் ஆகும். பரிசோதனை இல்லை என்ற காரணத்துக்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசர சிகிச்சையையும் தாமதிக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020 மே 18 அன்றே எழுத்தில் சொல்லிவிட்டது. அது அந்த வாசலில் வேலை செய்யவில்லை. அந்தப் பெண் வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி எனக்குப் போன் போட்டார். அரசு மருத்துவமனைக்கே போகச் சொன்னேன். அங்கே முதலில் பிரசவம் பார்த்தார்கள், பரிசோதனை பிறகு. பெண்ணுக்கு நெகட்டிவ்தான் வந்தது. பாசிட்டிவாகவே இருந்திருந்தாலும் குழந்தை அதற்காகக் காத்திருந்திருக்காது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் காப்பர் டி போடுவதும் தொடக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டிய அந்தரா என்ற கருத்தடை ஊசி பலருக்குத் தவறியது. இரண்டு பிள்ளை போதும் நர்சம்மா என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்த பெண், அடுத்த வருடம் மூன்றாவதாக மாசமாகி வந்து என் முன்னால் தலைகுனிந்து நின்றார். அவர் எதற்குத் தலைகுனிய வேண்டும்? பள்ளிக்கூடம் மூடியதால் வீட்டில் உட்கார்ந்த பெண் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கட்டிக்கொடுத்ததும் நடந்தது. பதினேழு வயதில் கர்ப்பமானால் வழக்கு வருமே என்று மறைத்துவிடுவார்கள். மறைக்கிற கர்ப்பம் என் ரிஜிஸ்டருக்கு வருவதே ஆறு மாதத்துக்கு மேல்தான்.

அங்கன்வாடி மூடியது. அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்குக் கொடுத்தார்கள், சத்துமாவும் கொடுத்தார்கள், அந்த வேலையை அங்கன்வாடி டீச்சர்கள் மழையிலும் செய்தார்கள். ஆனால் சூடாகச் சமைத்துப் பிள்ளையின் தட்டில் வைப்பது வேறு. அங்கே பிள்ளை டீச்சர் கண்ணெதிரே சாப்பிடும். வீட்டுக்கு வந்த முட்டை ஆறு பேருக்குப் பங்காகும், பசியோடு இருக்கிற வீட்டில் அதுதான் நியாயமும். மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பதும் நின்றுவிட்டது. எடை குறைவது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் கோடு கீழே இறங்கும்போதுதான் தெரியும், கோடு போட ஆளில்லை.

இரண்டாம் அலை முதல் அலை மாதிரி இல்லை. 2021 ஏப்ரல், மே. முதல் அலையில் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியவில்லை. ஐ.சி.எம்.ஆர். 2021 ஜூனில் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, கர்ப்பிணிகளிலும் பிரசவித்த தாய்மார்களிலும் அறிகுறியோடு வந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7 ஆனது. அந்த நேரத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொரோனா ஊசி அனுமதியே இல்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு மே 19 அன்றும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும்தான் அனுமதி வந்தது. அதற்குள் அலை வந்து அடித்துவிட்டுப் போய்விட்டது.

நான் மாதாமாதம் பார்த்துவந்த ஒரு பெண் அந்த மே மாதத்தில் இறந்தார். ஏழாம் மாதம். மூச்சுத்திணறலோடு கீழே போனார், குழந்தையை எடுத்தார்கள், அவரைக் காப்பாற்ற முடியவில்லை. தாய் இறப்பு நடந்தால் எப்படி நடந்தது என்று விசாரித்து எழுத வேண்டும். முடிவெடுக்க எவ்வளவு தாமதம், போய்ச்சேர எவ்வளவு தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைக்க எவ்வளவு தாமதம் என்று மூன்றையும் பார்ப்போம். வழக்கமாக ஒன்றில் நேரம் போயிருக்கும். அந்தப் படிவத்தில் நான் மூன்றிலும் எழுதினேன். வீட்டில் பயந்து ஒரு நாள் வைத்திருந்தார்கள், வண்டி கிடைக்க நேரமானது, படுக்கை கிடைக்க நேரமானது. பையன் இப்போது பாட்டியிடம் வளர்கிறான். நன்றாக இருக்கிறான், வாய் ஓயாமல் பேசுவான்.

தவறிப்போன ஊசிகளின் கணக்கு அப்புறம்தான் வெளியே வந்தது. 2021 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்னது: 2020இல் உலகம் முழுவதும் 2.3 கோடி குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுதாகப் போய்ச்சேரவில்லை, முந்தைய வருடத்தைவிட 37 லட்சம் அதிகம். இந்தியாவில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றையும் தடுக்கிற டி.பி.டி. ஊசியின் முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் 14 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தார்கள். 2022 கடைசியில் மும்பை, மாலேகான், ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் என்று பல இடங்களில் தட்டம்மை பரவியது. அந்தச் செய்தி வந்த அன்றே நான் பழைய ரிஜிஸ்டரை எடுத்து 2019 கடைசியிலிருந்து பிறந்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் சரிபார்க்கத் தொடங்கினேன். முதல் ஊசிகள் பெரும்பாலும் போட்டு முடித்திருந்தோம். பாக்கி இருந்தது ஒன்றரை வயதுக்கு மேல் போடுகிற இரண்டாவது தட்டம்மை ரூபெல்லாவும் டி.பி.டி. பூஸ்டரும். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டால் ஊசி முடிந்துவிட்டது என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். தேடிப் போனால் குடும்பம் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருக்கும். போன் நம்பர் மாறியிருக்கும். இன்னும் சில பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிற, அந்த வருடங்களில் பிள்ளை பெற்ற பெற்றோருக்கு ஒரு விஷயம். உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுக் கட்டமும் ஐந்து வயதுக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். தவறவிட்ட தட்டம்மை ரூபெல்லா ஊசியை அரசு மையத்தில் ஐந்து வயது வரை போடுவார்கள், டி.பி.டி.யை ஏழு வயது வரை போடுவார்கள். வயது தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், பத்து வயதில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி. ஊசி இருக்கிறது, அதையாவது விட்டுவிடாதீர்கள். ஊர் மாறியிருந்தால் இப்போது இருக்கிற இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம், பணம் கிடையாது. அட்டை தொலைந்திருந்தால் பிக்மி எண்ணைச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் பிள்ளை பிறந்த மாதத்தையும் அப்போது நீங்கள் இருந்த ஊரையும் அந்த ஊர் நர்சம்மாவுக்குச் சொன்னால் போதும், பழைய ரிஜிஸ்டரில் தேடி எடுத்துவிடுவார்.